புள்ளிக்குப் பின்னால் இருப்பது என்ன? சுவர்ப்படம் வைத்துத் தசமக் கணக்குப் படிப்போம்



ஒரு தாளில் 2.5 கிலோ என்று ஒரு வரியும், 2.05 கிலோ என்று அடுத்த வரியும் எழுதுங்கள். வீட்டில் ஆறாந்தரம், ஏழாந்தரம் படிக்கும் பிள்ளையிடம் காட்டி, "இதில எது கூட?" என்று கேளுங்கள். சில பிள்ளைகள், "2.05தான் கூட, அதிலதானே எண்ணு கூட இருக்கு" என்பார்கள். வேறு சில பிள்ளைகள், "ரெண்டும் ஒன்னுதான், சைபருக்கு என்னா மதிப்பு?" என்பார்கள். இரண்டு விடையும் பிழை. 2.5 கிலோ என்பது 2 கிலோ 500 கிராம். 2.05 கிலோ என்பது 2 கிலோ 50 கிராம். வித்தியாசம் 450 கிராம். நம் பெரியவர்கள் சொல்லும் பழைய நிறுவையில் ஏறக்குறைய ஒரு முழு ராத்தல்.

இது பள்ளிக்கூடத்துக் கணக்கு மட்டும் என்று தள்ளிவிட முடியாது. பிறந்த குழந்தையின் நிறை 2.5 கிலோவுக்குக் குறைந்தால் அதை நிறை குறைந்த குழந்தை என்று வைத்தியத்தில் கணிக்கிறார்கள். அந்தக் குழந்தைக்குத் தனிக் கவனிப்பு வேண்டும். அட்டையில் 2.05 என்று எழுதியிருப்பதை 2.5 என்று வாசித்துவிட்டால், தாய்க்குத் தன் குழந்தைக்கு அந்தக் கவனிப்பு தேவை என்பதே தெரியாமல் போகும். மருந்துப் போத்தல், கொழுந்து நிறுவை, சம்பளச் சீட்டு, சேமலாப நிதிக் கணக்கு எல்லாவற்றிலும் இந்தப் புள்ளி இருக்கிறது. ஆகவே இந்த இதழில் தசமக் கணக்கையும், அதைச் சுவர்ப்படம் வைத்துப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்கும் வழியையும் பார்ப்போம்.

தசமம் யாருக்காக வந்தது?

தசமம் என்றால் பத்துப் பத்தாகப் பிரிப்பது. ஐரோப்பாவில் பெல்ஜியம் பக்கத்தைச் சேர்ந்த சைமன் ஸ்டெவின் என்பவர் 1585ஆம் ஆண்டு இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதை அவர் பெரிய பண்டிதர்களுக்காக மட்டும் எழுதவில்லை. நிலம் அளக்கிறவர், துணி அளக்கிறவர், வியாபாரி ஆகியோருக்கும் சேர்த்தே எழுதினார். அளக்கிறவனும் நிறுக்கிறவனும் இலகுவாகக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம்.

நம் முன்னோருக்கும் நுணுக்கமான பிரிவுக் கணக்கு புதியதல்ல. அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். கால், அரை, முக்கால் மட்டுமல்ல, எட்டில் ஒரு பங்குக்கு அரைக்கால், பதினாறில் ஒரு பங்குக்கு மாகாணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்குக்கு முந்திரி என்று தனித்தனிப் பேர் இருந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பேர், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்பாடு. ராத்தலுக்கு 16 அவுன்ஸ், அந்தருக்கு 112 ராத்தல், அடிக்கு 12 அங்குலம் என்பவையும் அப்படித்தான். ஒன்றுக்கொன்று சேராத எண்கள். தசமத்தில் ஒரே விதிதான் உண்டு. எங்கு போனாலும் பத்து. அந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

நம் நாட்டில் ரூபாவை நூறு சதமாக வைத்தது 1872ஆம் ஆண்டு. கிலோவும் மீற்றரும் 1970களில்தான் வந்தன. அதனால்தான் சில தாத்தா பாட்டிமாருக்குச் சதக் கணக்கு சரளமாக வரும், கிலோக் கணக்கு தடுமாறும். அது அறிவுக் குறைவு அல்ல, பழகிய அளவு வேறு.

சுவர்ப்படம் எதற்கு?

கரும்பலகையில் எழுதியது அடுத்த பாடத்துக்கு அழிந்துவிடும். கொப்பியில் எழுதியது மூடியே கிடக்கும். சுவரில் இருப்பது பிள்ளை நிமிர்ந்தபோதெல்லாம் கண்ணில் படும். ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புப் பிள்ளைகள் இருந்து படிக்கும் இடங்களில் இது பெரிய உதவி. ஆசிரியர் ஒரு வகுப்பைப் பார்க்கும்போது மற்ற வகுப்பு படத்தைப் பார்த்துக் கணக்குச் செய்யலாம்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். படம் தொங்கினால் மட்டும் பிள்ளைக்குக் கணக்கு வந்துவிடாது. சாமிப் படம் போல மாட்டிவிட்டுப் போனால் ஒரு மாதத்தில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். பிள்ளையின் கை அதில் பட வேண்டும். இலக்கத்தை எடுத்து வைக்க வேண்டும், எண்ண வேண்டும், நிறம் தீட்ட வேண்டும். கீழே சொல்லும் நான்கு படங்களும் அப்படிக் கை வைத்துச் செய்வதற்கானவை.

செலவும் அதிகமில்லை. பிரிஸ்டல் போட் வாங்க முடியாவிட்டால் பழைய கலண்டரின் பின்பக்கம் போதும். மலைப்பக்கத்து ஈரத்தில் தாள் நெளிந்துபோகும், ஆகவே மேலே பொலித்தீன் தாள் ஒன்றை ஒட்டிவிடுங்கள். பிள்ளையின் கண் உயரத்திலேயே மாட்டுங்கள். உத்தரத்துக்குக் கீழே மாட்டினால் பெரியவர்கள்தான் பார்க்கலாம்.

படம் 1: இலக்கங்களின் லயம்

நீளமான தாளில் ஒரு லயம் போல ஏழு காம்பராக்கள் வரையுங்கள். இடமிருந்து வலமாக இப்படிப் பேர் எழுதுங்கள்:

ஆயிரம் | நூறு | பத்து | ஒன்று • பத்தில் ஒன்று | நூறில் ஒன்று | ஆயிரத்தில் ஒன்று

"ஒன்று" காம்பராவுக்கும் "பத்தில் ஒன்று" காம்பராவுக்கும் நடுவில் சிவப்பு நிறத்தில் பெரிய புள்ளி வையுங்கள். 0 முதல் 9 வரை சிறு அட்டைகள் வெட்டிக் கொடுங்கள். ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு அட்டை மாட்ட ஊசி குத்தி வையுங்கள்.

இனி விதியைச் சொல்லுங்கள். ஒரு காம்பரா இடப்பக்கம் போனால் இலக்கத்தின் பெறுமதி பத்து மடங்கு கூடும். ஒரு காம்பரா வலப்பக்கம் போனால் பத்தில் ஒரு பங்காகக் குறையும். 5 என்ற அட்டை "பத்து" காம்பராவில் இருந்தால் ஐம்பது. "ஒன்று" காம்பராவில் ஐந்து. "பத்தில் ஒன்று" காம்பராவில் 0.5, அதாவது அரை. இன்னும் ஒரு காம்பரா தள்ளினால் 0.05. அட்டை அதேதான், இருக்கும் இடம்தான் வேறு. இதைத்தான் இடப்பெறுமானம் என்கிறோம்.

2.05ஐ மாட்டச் சொன்னால், "பத்தில் ஒன்று" காம்பராவில் சைபர் அட்டை வர வேண்டும். சைபரை எடுத்துவிட்டால் 5 ஒரு காம்பரா முன்னுக்கு வந்து 2.5 ஆகிவிடும். சைபர் ஆளில்லாத காம்பராவைக் காத்து நிற்கும் காவல்காரன் என்று சொல்லிக் கொடுங்கள்.

சில பிள்ளைகள், "இந்தப் பக்கம் ஒன்று, பத்து, நூறு இருக்கு. அந்தப் பக்கம் ஏன் பத்தில் ஒன்றில் இருந்து தொடங்குது?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. லயத்தின் நடு புள்ளி அல்ல, "ஒன்று" காம்பராதான் நடு. அதற்கு இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்தில் ஒன்று. அடுத்து இடப்பக்கம் நூறு, வலப்பக்கம் நூறில் ஒன்று. "ஒன்று" எங்கே முடிகிறது என்று காட்டத்தான் புள்ளி.

பத்தால் பெருக்கும் கணக்கிலும் இந்தப் படம் உதவும். "பத்தால பெருக்கினா பின்னால ஒரு சைபர் போடு" என்று சின்ன வகுப்பில் படித்த பிள்ளை 2.5ஐப் பத்தால் பெருக்கி 2.50 என்று எழுதும். அட்டைகளை ஒரு காம்பரா இடப்பக்கம் நகர்த்திக் காட்டுங்கள். 2 பத்துக்குப் போகும், 5 ஒன்றுக்கு வரும், விடை 25. புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கும், இலக்கங்கள்தான் வீடு மாறும்.

படம் 2: நூறு கட்டம்

பத்துக்குப் பத்துக் கட்டம் கொண்ட ஒரு பெரிய சதுரம் வரையுங்கள். முழுச் சதுரம் ஒன்று. அதை ஒரு ரூபா என்றும் சொல்லலாம். ஒரு நிரல் முழுவதும் 0.1, அதாவது பத்துச் சதம். ஒரு சிறு கட்டம் 0.01, அதாவது ஒரு சதம்.

மூன்று நிரலும் ஐந்து சிறு கட்டமும் நிறம் தீட்டினால் 0.35. நான்கு நிரல் தீட்டினால் 0.4. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். "முப்பத்தஞ்சு நாலை விடப் பெருசுதானே" என்ற பிள்ளை, தன் கண்ணாலேயே 0.4 பெரியது என்று பார்க்கும். 0.4 என்பதும் 0.40 என்பதும் ஒரே அளவு நிறம்தான் என்பதும் புரியும்.

வாசிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். 0.35ஐ "சைபர் தசம் மூன்று ஐந்து" என்று தனித்தனி இலக்கமாக வாசிக்கப் பழக்குங்கள். "தசம் முப்பத்தஞ்சு" என்று வாசித்தால் பிள்ளையின் மனதில் முழு எண்ணாகப் பதிந்துவிடும்.

இன்று சதக்காசு கையில் புழங்குவது அரிது. ஆனாலும் சம்பளச் சீட்டிலும் மின்சாரப் பில்லிலும் சதம் இருக்கிறது. மூன்று ரூபா ஐந்து சதத்தை 3.5 என்று எழுதக் கூடாது, 3.05 என்றே எழுத வேண்டும். 3.5 என்றால் மூன்று ரூபா ஐம்பது சதம்.

படம் 3: அளவுக் கோடு

ஒரு மீற்றர் நீளத் தாள் பட்டி வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு முனையில் 0, மறு முனையில் 1. பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு பெரிய கோடு போட்டு 0.1, 0.2, 0.3 என்று எழுதுங்கள். ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் சிறு கோடு. 0.37 எங்கே என்று கேட்டால் பிள்ளை 0.3ஐயும் 0.4ஐயும் கண்டு, நடுவில் ஏழு கோடு எண்ணி விரல் வைக்க வேண்டும். இன்னொரு பட்டியை அதற்கு மேல் நிமிர்த்தி ஒட்டினால் பிள்ளையின் உயரத்தையும் அளக்கலாம். 1 மீற்றர் 8 சென்ரிமீற்றர் உயரமான பிள்ளை 1.08 மீற்றர்.

காய்ச்சல் பார்க்கும் கருவியும் இப்படி ஒரு அளவுக் கோடுதான். 38க்கும் 39க்கும் நடுவில் பத்துப் பிரிவு இருக்கும். 38ஐத் தாண்டி ஐந்தாவது பிரிவில் நின்றால் 38.5 பாகை. பழகிய பிள்ளை வீட்டில் இருந்தால், "காய்ச்சல் கூடத்தான் இருக்கு" என்று சொல்லாமல், 37.8 இருந்தது, பிறகு 38.5 ஆனது என்று வைத்தியரிடம் சரியாகச் சொல்லலாம்.

படம் 4: நம்ம தோட்டத்து எண்கள்

இந்தப் படம் கடையில் கிடைக்காது. நாமே எழுத வேண்டும். பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் காணும் புள்ளி எண்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பழைய பால்மாப் பெட்டி, சவர்க்கார உறை, மருந்துப் போத்தல் லேபிள், எல்லாவற்றிலும் எண் இருக்கும். ஒட்டி, பக்கத்தில் எழுதுங்கள்:

கால் கிலோ = 250 கிராம் = 0.25 கிலோ
அரைக் கிலோ = 500 கிராம் = 0.5 கிலோ
முக்கால் கிலோ = 750 கிராம் = 0.75 கிலோ
ஐம்பது கிராம் = 0.05 கிலோ

வாயில் பழகிய கால், அரை, முக்காலுக்குப் பக்கத்தில் புள்ளி எண் நிற்கும்போது பயம் போய்விடும். வாரத்துக்கு ஒரு முறை இரண்டு எண்ணையாவது மாற்றுங்கள். புதிது வந்தால்தான் பிள்ளை மறுபடி பார்க்கும்.

கூட்டும்போது புள்ளிக்குக் கீழே புள்ளி

காலையில் 6.4 கிலோ, பகலில் 8.25 கிலோ, மாலையில் 5.7 கிலோ கொழுந்து என்று வைத்துக்கொள்வோம். முழு எண்ணைக் கூட்டிப் பழகிய பிள்ளை கடைசி இலக்கங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, 64, 825, 57 என்று கூட்டி 946 எடுக்கும். பிறகு புள்ளி வைத்து 9.46 என்று எழுதும். பகல் நிறை மட்டுமே 8.25 இருக்க, மூன்றும் சேர்ந்து 9.46 ஆகுமா? புள்ளிக்குக் கீழே புள்ளி வைத்துக் கூட்டினால் 20.35 கிலோ. இலக்கம் காட்டும் தராசில் நிறுக்கும் இடங்களில் தன் நிறையைத் தானே கூட்டிப் பார்க்க இந்த ஒரு பழக்கம் போதும்.

சேமலாப நிதியையும் பாருங்கள். தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 8, தொழில்கொள்வோரின் பங்கு நூற்றுக்கு 12. நூற்றுக்கு 8 என்பது 0.08, அதை 0.8 என்று எழுதக் கூடாது. கணிப்புக்கு எடுக்கும் சம்பளம் 24,562.50 ரூபா என்றால், 0.08ஆல் பெருக்க 1,965.00 ரூபா வரும். 0.12ஆல் பெருக்க 2,947.50 ரூபா. இரண்டும் சேர்ந்து 4,912.50 ரூபா அந்த மாதத்துக்கு உங்கள் பேரில் போக வேண்டும். படித்த பிள்ளை ஒரு நாள் மாலை சம்பளச் சீட்டை வைத்து இந்தக் கணக்கைச் செய்து காட்டட்டும். கணக்கு ஒத்துவராவிட்டால், சண்டைக்குப் போகாமல், எழுதிய தாளோடு அலுவலகத்தில் போய் விளக்கம் கேளுங்கள். எழுதிய கணக்குக்கு மரியாதை உண்டு.

புள்ளி போல இருந்தாலும் தசமம் அல்ல

இதையும் படத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். ஒரு மணித்தியாலம் முப்பது நிமிடத்தை 1.30 என்று எழுதும் வழக்கம் உண்டு. அது தசமம் அல்ல, ஏனென்றால் மணித்தியாலத்துக்கு நிமிடம் அறுபது. பெருக்கும்போது அதை 1.5 என்று எடுக்க வேண்டும். மேலதிக வேலைக்கு மணித்தியாலத்துக்கு 200 ரூபா என்றால் 1.5க்கு 300 ரூபா. 1.3 என்று பெருக்கினால் 260 ரூபாதான் வரும், நாற்பது ரூபா போய்விடும். ஐந்தடி ஆறங்குலத்தை 5.6 என்று எழுதுவதும் இதே கதை. அது உண்மையில் ஐந்தரை அடி, 5.5.

மருந்தில் கவனம்

பிள்ளைக்கு 2.5 மில்லிலீற்றர் மருந்து கொடுக்கச் சொன்னால், புள்ளி கண்ணில் படாமல் 25 என்று எடுத்தால் பத்து மடங்கு போய்விடும். உயிருக்கே ஆபத்து வரலாம். அரை என்பதை .5 என்று எழுதாமல் 0.5 என்று எழுத வேண்டும், ஐந்து என்பதை 5.0 என்று எழுதாமல் 5 என்று எழுத வேண்டும் என்பது மருந்து எழுதுவோருக்குச் சொல்லித்தரும் ஒழுங்கு. முன்னால் சைபர் இருந்தால் பின்னால் புள்ளி வருகிறது என்று கண் எச்சரிக்கையாகும். வீட்டிலும் அப்படியே எழுதப் பழகுங்கள். எழுத்து விளங்காவிட்டால் வெட்கப்படாமல், "இது ரெண்டரையா, இருபத்தஞ்சா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

நாள்தோறும் ஐந்து நிமிடம்

படம் மாட்டிய பிறகு செய்ய வேண்டியது இதுதான். தினம் ஐந்து நிமிடம் ஒரு பிள்ளையைப் படத்துக்கு முன்னால் கூப்பிட்டு ஒரு எண்ணைச் செய்யச் சொல்லுங்கள். விடை பிழைத்தால் அடிக்கவோ திட்டவோ வேண்டாம். "எப்படிச் செஞ்சே, சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். பிழை எங்கே என்று அதன் பேச்சிலேயே தெரியும். இரண்டு வாரத்துக்குப் பிறகு படத்தைத் துணியால் மூடிவிட்டு அதே கேள்வியைக் கேளுங்கள். மூடிய படத்தை மனதில் பார்த்துப் பிள்ளை விடை சொன்னால், பாடம் ஏறிவிட்டது.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரும் இதில் சேரலாம். "அம்மாவுக்குச் சொல்லிக் குடு" என்று கேட்டாலே போதும். சொல்லிக் கொடுக்கும் பிள்ளைக்கு இரட்டை இலாபம். தசமத்தில் தடுமாறும் பிள்ளை அடுத்து நூற்றுவீதம், வட்டி, அளவைகள் எல்லாவற்றிலும் தடுமாறும். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் கைவிட்டுப் போனால் மேலே போகும் வழி எவ்வளவு சுருங்கிவிடும் என்று நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

வீட்டில் கேட்டுப் பார்க்க ஐந்து கேள்விகள்

1. 0.4, 0.35, 0.305 இவற்றில் பெரியது எது?
2. ஏழு ரூபா ஐந்து சதத்தை எப்படி எழுதுவது?
3. 1.2 கிலோவும் 0.85 கிலோவும் சேர்ந்தால் எவ்வளவு?
4. 0.6 கிலோ பருப்பு எத்தனை கிராம்?
5. 3.07ஐப் பத்தால் பெருக்கினால் என்ன?

விடைகள்: (1) 0.4 (2) 7.05 (3) 2.05 கிலோ (4) 600 கிராம் (5) 30.7

ஐந்தும் சரியானால் பிள்ளையைத் தட்டிக்கொடுங்கள். ஒன்று பிழைத்தாலும் கவலை வேண்டாம். ஒரு பழைய கலண்டரை எடுத்துத் திருப்பி, ஏழு காம்பரா வரைந்து, இன்றைக்கே முதல் படத்தைத் தொடங்குங்கள்.